தறி வீட்டுத் தரையில் தண்ணி உருண்டை

ஆடி பிறப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆடி வெள்ளி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து ஜனம் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கக் கிளம்பிவிடும். அப்புறம் ஊர் ஊராகக் கூழ் ஊற்றுவது, தீமிதி, தேர் என்று வரிசையாக வரும். எங்கே கூட்டம் கூடினாலும் சாலையோரம் பொம்மைக் கடை முளைக்கும். வளையல், பலூன், ஊதல், பிளாஸ்டிக் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் நடுவில் சரம் சரமாக ஒரு பாக்கெட் தொங்கும். உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் குட்டிக் குட்டி உருண்டைகள். வாட்டர் பீட்ஸ், ஜெல்லி பால், மேஜிக் பால், ஆர்பீஸ் என்று கடைக்கு ஒரு பெயர் சொல்லி விற்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது தண்ணி உருண்டை. பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், பிள்ளைக்கும் சந்தோஷம், வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுசும் படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக. ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கிற வீட்டுக்குள் இந்தப் பாக்கெட் வரக் கூடாது. பரண் மேலே வைக்கிறேன், பீரோவில் பூட்டி வைக்கிறேன் என்பதும் வேண்டாம். வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கட்டும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீடு என்றால் இன்னும் கண்டிப்பாக.

காரணத்தைக் கேளுங்கள்.

பாக்கெட்டில் இருக்கும்போது இந்த உருண்டை காய்ந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும், சாயம் போட்ட ஜவ்வரிசி. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர்தான். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் ஊதிப் பெருத்து, வழுவழுவென்று, கண்ணாடி போல ஆகிவிடும். பார்க்க அழகு என்பதை மறுக்க முடியாது. குழந்தைகள் அதற்குள் கையை விட்டு அளைவதைப் பார்த்தால் நமக்கே ஆசை வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் உருண்டை பத்து மில்லிமீட்டர் ஆகிறது என்றால் குறுக்களவு ஐந்து மடங்கு. கன அளவுக்கு அந்த ஐந்தை மூன்று முறை வைத்துப் பெருக்க வேண்டும், 125 மடங்கு. இது சின்ன ரகம். ஜம்போ என்று விற்கிறதெல்லாம் ஊறினால் எலுமிச்சம்பழ அளவுக்கும் மேலே போகும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? இந்த உருண்டை ஒரு வகை பிளாஸ்டிக் வலை. பாலிஅக்ரிலமைடு, சோடியம் பாலிஅக்ரிலேட் என்று ரசாயனப் பெயர் சொல்வார்கள். நீள நீளமான சங்கிலிகள், அவற்றுக்கு இடையே குறுக்கே முடிச்சுகள். சங்கிலிகள் தண்ணீரை இழுக்கும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். குறுக்கு முடிச்சு பிடித்திருப்பதால் கரைந்து போகாது. சர்க்கரையோ உப்போ வயிற்றுக்குள் போனால் கரையும். இது கரையவும் செய்யாது, செரிக்கவும் செய்யாது. ஊதிக்கொண்டு அப்படியே இருக்கும்.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். இதே குடும்பத்துப் பொருள்தான் கைக்குழந்தைக்குப் போடுகிற டயப்பருக்குள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இது முதலில் பொம்மையாகப் பிறந்ததும் அல்ல. அமெரிக்க விவசாயத் துறை இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஆய்வகத்தில் மாவுச்சத்தை வைத்து இப்படித் தண்ணீர் குடிக்கிற பொருளை உருவாக்கியது. நம் நாட்டிலும் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மண்ணில் கலந்தால் பாய்ச்சிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மண் காயக் காயச் செடிக்குக் கொடுக்கும். எங்கள் ஜில்லா மாதிரி மழையை நம்பி இருக்கிற பூமிக்கு நல்லதுதான். நிலத்தில் வேலை செய்ய வேண்டிய ஒரு குணத்தை எடுத்து, வண்ணம் பூசி, எதையும் வாயில் போடுகிற வயசுப் பிள்ளையின் கையில் கொடுத்ததுதான் தப்பு.

நம்பாதவர்களுக்காக வீட்டில் ஒரு சோதனை செய்தேன். எண்ணி எடுத்த உருண்டைகளை இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் உப்புக் கரைத்த தண்ணீர். ராத்திரி படுக்கும்போது பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் குழாய்த் தண்ணீர் டம்ளரில் உருண்டைகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. நிறமில்லாத உருண்டை ஒன்று தண்ணீருக்குள் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை, கரண்டியால் துழாவித்தான் எடுத்தேன். உப்புத் தண்ணீரில் கிடந்தவை பெருத்திருந்தன, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. நம் உடம்புக்குள் இருக்கிற நீரிலும் உப்பு உண்டு. அதனால் வயிற்றுக்குள் போன உருண்டை டம்ளரில் ஊதுகிற முழு அளவுக்கு ஊதுவதில்லை. இதைக் கேட்டுவிட்டு யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டால் தயவுசெய்து நிறுத்துங்கள். பெரிய ரகம் என்றால் பாதி ஊதினாலும் ஒரு கைக்குழந்தையின் சிறுகுடலை அடைக்க அது போதும். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடம் இன்னும் குறுகல். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: உப்புத் தண்ணீரில் ஊதுவது குறைகிறது என்று சொன்னதை வைத்து, முழுங்கிய குழந்தைக்கு யாரும் உப்புத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். உப்பே குழந்தை உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அந்த ராத்திரி நேரம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. காசு முழுங்கித் தொண்டையில் சிக்கினால் பெரும்பாலும் அந்த நிமிஷமே குழந்தை திணறும், வீடே கூடிவிடும். தண்ணி உருண்டை காய்ந்த நிலையில் சத்தமே இல்லாமல் தொண்டையைத் தாண்டிவிடும். குழந்தை சிரித்துக்கொண்டு விளையாடும், பால் குடிக்கும், தூங்கும். உள்ளே அது ஊறிக்கொண்டிருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ வாந்தி தொடங்கும்போது, அதை உருண்டையோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சூடு பிடித்துவிட்டது, கண்ணு பட்டுவிட்டது, பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு இப்படி ஆனது. டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தால் குடல் அடைத்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, எது அடைத்தது என்று தெரியவில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். மூன்றரை சென்டிமீட்டர் அளவு உருண்டை. அந்த மருத்துவர்கள் அதோடு விடாமல், அதே மாதிரி உருண்டைகளைத் தண்ணீரில் போட்டு எப்படி வளர்கிறது என்று அளந்து பார்த்து, 2012-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'வாட்டர் பால்ஸ்' என்ற அந்த வகைப் பொம்மை ஏறக்குறைய 94,700 அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதே 2012-இல் நமக்குப் பக்கத்து லாகூரில் இருந்து ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. கிறிஸ்டல் ஜெல் உருண்டை முழுங்கிய கைக்குழந்தை, அறுவை செய்தும் பிழைக்கவில்லை. பெற்றோருக்கு எச்சரிக்கை என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள் அந்த டாக்டர்கள்.

பத்து வருஷம் போனது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பத்து மாதக் குழந்தை இறந்தது. செப்டம்பர் மாதம் பஃபலோ கேம்ஸ் நிறுவனத்தின் தண்ணி உருண்டை விளையாட்டுப் பெட்டிகள் ஏறக்குறைய 52,000 திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெட்டி கடையில் விற்றது 2022 மார்ச்சிலிருந்து நவம்பர் வரைதான். கடையில் விற்பனை நின்று மாதக்கணக்கில் ஆன பிறகு ஒரு உயிர் போயிருக்கிறது. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். விளையாட்டு முடிந்து, பெட்டியை எடுத்து வைத்து, தரையைக் கூட்டிய பிறகும் ஒரு உருண்டை எங்கேயோ தங்கிவிடும். அதைப் பெரியவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தவழ்கிற குழந்தை கண்டுபிடித்துவிடும். அதற்குத் தரைதானே உலகம்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி 2016 முதல் 2022 வரை இந்த உருண்டைகளால் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 7,800 பேர். எல்லோருக்கும் அறுவை நடந்தது என்று அர்த்தமில்லை. முழுங்கிய பல குழந்தைகளுக்கு எதுவும் ஆகாமல் மலத்தோடு வெளியே வந்துவிடுவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எந்தக் குழந்தைக்கு வெளியே வரும், எந்தக் குழந்தைக்கு அடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ரயிலில் வந்தால் 'ஆரணி ரோடு' என்று போர்டு போட்டிருக்கிற ஸ்டேஷன்தான் களம்பூர். அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். ஆரணிப் பட்டு என்று நீங்கள் கட்டுகிற சேலையில் பலதும் ஆரணியில் மட்டும் இல்லை, இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் நெய்ததுதான். வீடுகளில் என்பதைக் கவனியுங்கள். தறி தனிக் கொட்டகையில் இருக்கிற வீடு குறைவு. கூடத்திலேயே தறி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து அம்மா நெய்வாள், அப்பா நெய்வார், பக்கத்தில் பாட்டி ராட்டையில் தார் சுற்றுவாள். அவர்கள் காலடியில்தான் குழந்தை வளரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். நாடா போய் வருகிற சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் நாங்கள்.

இந்த வீட்டில் போய் "குழந்தையைப் பார்த்துக்கோங்க, பெரியவங்க மேற்பார்வையில் மட்டும் விளையாட விடுங்க" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? நெய்கிறவளின் வலது கை ஒன்று செய்யும், இடது கை ஒன்று செய்யும், கால் மிதியில் இருக்கும், கண் பாவில் இருக்கும். இழை அறுந்தால் அதை எடுத்து முடிச்சுப் போடும்வரை தலையைத் திருப்ப முடியாது. டிசைன் வரிசை தப்பினால் சேலையில் தெரியும், கூலியில் பிடிப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'பெரியவர்கள் கண்காணிப்பில்' என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு முழுக்க அவள் தலையில் விழுந்துவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. காய்ந்த உருண்டையைக் கண்காணிக்க முடியாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை, எங்கே உருண்டது என்று தெரியாத ஒன்றை, எத்தனை இருந்தது என்று எண்ணாத ஒன்றை எந்தத் தாயால் கண்காணிக்க முடியும்? பாக்கெட்டைப் பிரிக்கும்போதே ஐம்பது சிதறும். தறிக்குழிக்குள் விழும். மிதியின் சந்தில், நூல் கழிவு மூட்டையின் கீழே, பாயின் ஓரத்தில், கோரைப் பாய் என்றால் அதன் இடுக்கிலேயே போய் உட்காரும். சாயங்காலம் ஈரத் துணியால் தரையைத் துடைத்தால் அங்கேயே ஊறி நிறம் வெளுத்து வழுக்கும். வயசானவர்கள் அதில் கால் வைத்து விழுவது இன்னொரு கதை.

போன வாரம் எதிர் வீட்டில் இதைச் சொல்லப் போனேன். பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் இப்போதுதான் தவழ்கிறாள். பெரியவன் ஒரு சொப்பில் உருண்டைகளை ஊற வைத்திருந்தான்.

"இன்னாக்கா, இத்தூண்டு உருண்டை, அது இன்னா பண்ணிடப் போவுது? முழுங்கினா வாழப்பழம் குடுத்தா தானா வெளிய வந்துடும். எங்க தம்பி நாலணா முழுங்கினப்போ எங்கம்மா அப்படித்தான் குடுத்தாங்க," என்றாள் அவன் அம்மா.

"நாலணா உள்ள போயும் நாலணாவாவேதான் இருக்கும்மா. இது உள்ள போய் பெருசாவுது," என்றேன்.

என் டம்ளரைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு அவள் பேசவில்லை. சொப்பைத் தூக்கிக்கொண்டு நேராக வெளியே வந்தாள். பெரியவன் அழுதான். அவனுக்கு சப்பாத்தி மாவைப் பிசைந்து, ஒரு உருண்டையில் மஞ்சள்தூள், ஒரு உருண்டையில் பீட்ரூட் சாறு கலந்து கொடுத்தோம். அவன் பாம்பு செய்தான், தேர் செய்தான். சின்னவள் எட்டி ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் வைத்தபோது யாரும் பதறவில்லை, விரலால் எடுத்துப் போட்டோம். கையால் அளைகிற விளையாட்டு மூளைக்கு நல்லது என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, அந்த நல்லது மாவிலும் கிடைக்கும்.

வாழைப்பழத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் மருந்து. இங்கே அது வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம், ஏற்கனவே ஈரத்தில் வழுக்குகிற பொருள் மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். குழந்தை முழுங்கியதைப் பார்த்தாலும், பார்க்காமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருப்பது, எதையும் விழுங்க மறுப்பது, மூச்சில் விசில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, மலம் போகாமல் இருப்பது, காரணமில்லாமல் சோர்ந்து கிடப்பது, இதெல்லாம் நிற்க நேரமில்லை என்று சொல்கிற அடையாளங்கள். வாந்தி பச்சையாக வந்தால் எந்தக் காரணமாக இருந்தாலும் அது அவசரம்.

பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பாக்கெட் இல்லையென்றால் வீட்டில் மிச்சம் கிடக்கிற ஒரு உருண்டையையாவது. டாக்டரிடம் போனதும் வாந்தி, வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "வீட்டில் தண்ணீரில் ஊதுகிற உருண்டை இருந்தது, முழுங்கியிருக்கலாம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. காசு, ஊசி, பட்டன் பேட்டரி எல்லாம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இந்த உருண்டை பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் படத்தில் குடலோடு குடலாக மறைந்துவிடும். வயிற்று ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். படிக்காதவர்கள் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆரணி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டினாலும், குழந்தைகளுக்கு அறுவை செய்யக்கூடிய இடம் என்றால் வேலூரோ திருவண்ணாமலையோ போக வேண்டி வரலாம். அதனால்தான் ராத்திரி போகட்டும், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப் போட வேண்டாம் என்கிறேன்.

காதும் மூக்கும் தனி. மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் முழுங்குவது மட்டுமில்லாமல் மூக்கிலும் காதிலும் செருகிக்கொள்வதும் உண்டு. காதில் ஏதாவது போனால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும், தண்ணீர் விட்டு அலசுவதும், மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவதும் நம் வழக்கம். இந்த உருண்டை காதுக்குள் இருக்கும்போது ஈரம் பட்டால் அது அங்கேயே ஊதும். எலும்புக்கு நடுவில் இருக்கிற குழாய் அது, விரிந்து கொடுக்க இடம் கிடையாது. வலி தாங்காது, செவிப்பறை கிழியும், கேட்கும் திறனே போன குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காது வலி என்று வந்த குழந்தைக்கு, உள்ளே உருண்டை இருப்பது தெரியாமல் சொட்டு மருந்து விட்டதால் நிலைமை மோசமானதும் உண்டு. ஆகவே ஒரு சொட்டும் விடாமல், கொண்டை ஊசியால் நோண்டாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

நச்சு இல்லை என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். பாலிஅக்ரிலமைடு செய்யப் பயன்படும் மூலப்பொருள் அக்ரிலமைடு. அது நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. உருண்டையாகி முடிந்த பிறகு அது மிச்சம் இருக்கக் கூடாது. 2024-இல் அமெரிக்க ஆணையம் சில தண்ணி உருண்டைப் பாக்கெட்டுகளில் அக்ரிலமைடு அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி, பயன்படுத்துவதை உடனே நிறுத்தச் சொன்னது. நான் வாங்கிய பாக்கெட்டில் செய்தவர் பெயரே இல்லை. பெயரே போடாதவர் எழுதுகிற 'நச்சு இல்லை'யை எந்த அடிப்படையில் நம்புவது?

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுகிற பொம்மையை, சில விலக்குகள் தவிர, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. என் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முத்திரை இல்லை. இன்னொரு பாக்கெட்டில் பூச்சாடிக்கு, அலங்காரத்துக்கு என்று எழுதியிருக்கிறது. செடிக்கு என்று எழுதிவிட்டால் அது பொம்மையே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் தொங்குவது பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவில், வாங்குவது குழந்தை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகள் குழந்தைகளுக்கென்று இதை விற்பதை நிறுத்திக்கொண்டன. அங்கே நிறுத்தியதை இங்கே போனில் தட்டினால் இன்றைக்கும் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் பிள்ளைகளின் குடல் வேறு மாதிரி செய்ததா? முத்திரை இல்லாத பொம்மையைப் பற்றி பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம், தமிழிலேயே பேசுங்கள்.

தள்ளுவண்டிக்காரரைத் திட்டாதீர்கள். அவருக்கும் தெரியாது. சென்னையிலிருந்து மூட்டையாக வருவதை வாங்கித் தொங்க விடுகிறார், அவர் வீட்டிலும் பேரப்பிள்ளை இருக்கும். நான் ஒருவரிடம் சொன்னேன், "அப்படியாம்மா" என்று அந்தச் சரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். மறுநாள் திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனாலும் சொல்வோம்.

பெரிய பிள்ளைகள் கேட்கிற ஜெல் துப்பாக்கியும் இதே உருண்டையைத்தான் சுடுகிறது. கண்ணில் பட்டால் காயம். அதைவிட, ஒரு மணி நேர விளையாட்டில் வீடு முழுக்க உருண்டையை விதைத்துவிடும்.

ஏற்கனவே வீட்டில் இருந்தால் எப்படி ஒழிப்பது என்று கேட்பீர்கள். சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள், குழாய்க்குள் ஊதி அடைக்கும். கிணற்றுப் பக்கம் கொண்டே போகாதீர்கள். ஊறிய உருண்டைகள் என்றால் குழந்தைகள் ஏறாத மொட்டை மாடியில் ஒரு தட்டில் மெல்லிய துணியால் மூடி வெயிலில் வையுங்கள், சுருங்கிவிடும். பிறகு ஒரு கவரில் போட்டு இறுக முடிந்து, பேரூராட்சி வண்டி வரும்போது நேராக அதில் போடுங்கள். வாசலில் குப்பைக் கூடையில் வைத்தால் தெருப்பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். அப்புறம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத உருண்டை, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பீரோ அடி, கட்டில் அடி, தலையணை உறை, பெரியவனின் பள்ளிப் பை, டிரவுசர் பாக்கெட், சோபா இடுக்கு. தறி வீடாக இருந்தால் குழிக்குள் இறங்கி மிதியைத் தூக்கிப் பாருங்கள், நூல் கழிவை உதறிப் பாருங்கள். ஒரு தடவை போதாது, சில நாள் விட்டு மறுபடியும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். எங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பேசிவிட்டேன். ஊசி போட வருகிற தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன், வாங்க அக்கா என்றார். மூடி இறுக்கிய இரண்டு பாட்டில்கள் தயார். ஒன்றில் காய்ந்த உருண்டை ஒன்று, இன்னொன்றில் ஊறியது ஒன்று. அங்கன்வாடி டீச்சரும் ஒரு ஜோடி பாட்டில் கேட்டிருக்கிறார். உங்கள் ஊரிலும் யாராவது செய்ய முடியுமென்றால் சொல்லுங்கள், எப்படிப் பேசினால் கேட்கிறார்கள் என்று நான் புதன் முடிந்ததும் எழுதுகிறேன்.